‘கொய்ங்’ வேட்டைக்காரர்

கிடார் வாசிப்பவர்கள் ஒரு ரகம். வாசிக்கும்போது காலால் மிதிக்கிற எஃபெக்ட்ஸ் பெடலைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரை மேடையில் பார்க்கலாம். இரண்டாம் ரகத்தாரைப் பார்க்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போக வேண்டும். மேஜைமேல் தட்டு இருக்காது, சால்டரிங் அயர்ன் இருக்கும். பக்கத்தில் ஒரு காதை ஆம்பிளிஃபையர் பக்கம் சாய்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நம்மாள்.

நம்மாள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ஃபஸ் பெடலில். காரணம் சிக்கனம். 1966-இல் லண்டனிலிருந்து வந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலுக்குள் இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், திருகுவதற்கு இரண்டு கன்ட்ரோல். ஆக மொத்தம் பதினொன்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்தது இதைத்தான். “பதினோரு சாமான்ல உலகத்தையே கலக்கியிருக்கான்யா!” என்று சொல்லிக்கொண்டு சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புவார். திரும்பி வரும்போது பை கிழிந்திருக்கும்.

ஃபஸ் பெடலின் வேலை, கிடார் சத்தத்தை ஏகத்துக்குப் பெருக்கி, கொள்ளாத அளவுக்குப் போனதும் அலையின் தலையைச் சீவிக் கரகரக்க வைப்பது. கிடார் எது, டியூப்லைட் சோக் எது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. உள்ளே வந்ததையெல்லாம் பெருக்கும். நம்மாள் முதல் தடவை மிதித்ததும் கேட்பது ‘கொய்ங்.’ இரைச்சல் போடுவதற்கென்றே ஒரு பெட்டி செய்துவிட்டு, அதில் இரைச்சல் வருகிறதே என்று தூக்கத்தைத் தொலைக்கிறவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும்: அவர் போடுகிற இரைச்சல் சங்கீதம். தானாக வருகிற இரைச்சல் அவமானம்.

அன்றிலிருந்து அவர் கிடார் வாசிப்பதில்லை. ‘ஈ மைனர்’ ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தந்தி அடங்கக் காத்திருந்து, அதன் பிறகு வருவதைக் கண்ணை மூடிக் கேட்பார். யாராவது மரியாதைக்கு, “நல்லா வாசிக்கிறீங்க சார்” என்றால் கோபம் வரும். “வாசிப்பை விடுங்க. பின்னாடி கேக்குதா?”

அந்தப் ‘பின்னாடி’யில் அவர் மகா வித்துவான். “இது 50 ஹெர்ட்ஸ். பிக்கப் வழியா வருது. அது 100. அடாப்டர் உள்ள ஃபில்டர் கண்டன்சர் சரியில்லை” என்று காதாலேயே பிரித்துச் சொல்வார். நம் ஊர் மின்சாரத்தின் உறுமல் ‘ஜி’ சுரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறதாம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அது ‘பி ஃபிளாட்’டுக்கும் ‘பி’க்கும் நட்டநடுவில் விழுந்து எந்தச் சுரத்திலும் சேராது. உறுமலில்கூட நம்மூர்தான் சுருதி சுத்தம் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

பெருமை வேறு, துப்பறிதல் வேறு. கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி, கண்ணில் படுவதையெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பார். முதலில் டியூப்லைட் அணையும். அடுத்து ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். வியர்த்து விறுவிறுத்து இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து குரல் வரும்: “என்னங்க, ஃபிரிட்ஜை யாரு ஆஃப் பண்ணினது? பால் திரிஞ்சு போச்சு!”

ஒருநாள் தெருவுக்கே கரண்டு போனது. ‘கொய்ங்’ பட்டென்று நின்றது. “பாத்தியா! பெடல் பேட்டரியிலதான் ஓடுது. தப்பு என் மேல இல்லை, கரண்டு மேலதான்!” என்று துள்ளினார். ஆம்பிளிஃபையரும் சேர்ந்தே நின்றுபோனதை எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

கிடார் தந்தியைத் தொட்டால் உறுமல் அடங்கும், கையை எடுத்தால் கிளம்பும். நம் உடம்பே ஒரு ஏரியல் என்பதும், தொடும்போது அது தந்தி வழியாக கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது என்பதும் அவர் தரும் விளக்கம். அவர் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “தொட்டா அடங்குதுல்ல? அப்ப தொட்டுக்கிட்டே இருங்களேன்.”

ரிச்சி தெருக் கடைக்காரருக்கு நம்மாளை நன்றாகத் தெரியும்.

“அண்ணே, நூறு கே ரெசிஸ்டர் ஒண்ணு.”

“போன வாரமும் இதே ஒண்ணுதானே சார் வாங்கினீங்க?”

“அது கார்பன். இரைச்சல் ஜாஸ்தி. மெட்டல் ஃபிலிம் குடுங்க.”

“பாக்கெட்டாவே வாங்கிடுங்க சார். எப்படியும் அடுத்த வாரமும் வருவீங்க.”

பழைய ஒலி வேண்டும் என்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் தேடி வாங்கிவிடுவார். ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே கசிவு கூடி, பயாஸ் நகர்ந்து, குரல் கம்மிவிடும். லண்டனில் பிறந்த சர்க்யூட்டைச் சென்னைச் சித்திரையில் சோதிக்கிறவருக்குக் காலையில் ஒரு பெடல், மத்தியானம் இன்னொரு பெடல்.

இத்தனை பாட்டிலும் அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு மாமனாரிடமிருந்து வந்தது. ஒரு சாயங்காலம் மிதித்ததும் பெடலுக்குள்ளிருந்து ஆகாசவாணிச் செய்தி மெலிதாகக் கேட்டது. உறையில்லாத நீள ஒயர் ஏரியலாகி, டிரான்சிஸ்டர் அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. “பரவாயில்லையே மாப்ளே, ரேடியோ செஞ்சிட்டீங்களே!” என்று பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நம்மாள் இன்புட்டில் ஒரு ரெசிஸ்டர் போட்டு, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்னக் கண்டன்சரும் வைத்து அதை ஒழித்தார். பெரியவர் அதோடு பெடல் பக்கமே திரும்புவதில்லை.

கடைசிக் கட்ட ஆராய்ச்சி பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய ஒன்று. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவுவார். பெடலை ஆன் செய்து, பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியையும் குச்சி நுனியால் மெல்லத் தட்டுவார். எந்த இடத்தில் ஸ்பீக்கர் ‘கர்ர்’ என்கிறதோ அங்கே டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத பற்றவைப்பு. அடுத்து, ஒரு ஒயர் நுனியில் ‘104’ என்று எழுதிய சின்னக் கண்டன்சரைப் பற்றவைத்து, மறு நுனியை ஆம்பிளிஃபையருக்குக் கொடுத்து, சர்க்யூட்டில் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போவார். சுத்தமாக வந்த சத்தம் எந்த இடத்தில் கெடுகிறதோ, அங்கேதான் திருடன். அவர் செய்வதிலேயே அறிவாளித்தனமான காரியம் இது. ஆகவே கடைசியில்தான் செய்வார்.

திருடன் அகப்பட்டான். சர்க்யூட்டை வைத்திருந்தது ஒரு பிஸ்கட் தகர டப்பாவில். ஜாக்கின் நட் உட்கார்ந்திருந்தது டப்பாவின் பெயின்ட்மேல். தகரத்துக்கும் கிரவுண்டுக்கும் தொடர்பே இல்லை. இரைச்சலைத் தடுக்க வேண்டிய டப்பா, ஊர் இரைச்சலையெல்லாம் அள்ளி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி நட்டை முடுக்கினார். ‘கொய்ங்’ போயே போச்சு.

வீடே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. நம்மாள் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். “ஆன்லதான் இருக்கா?” என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு வால்யூமை முழுக்கத் திருகிக் காதை வைத்தார். ‘ஸ்ஸ்ஸ்...’ முகம் மலர்ந்தது. அந்தச் ‘ஸ்ஸ்’ ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் சூட்டில் அலைகிற சத்தம். 1928-இலேயே ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டியது. சூடு இருக்கிறவரை அது போகாது, குளிர வைத்தால் குறையும் என்று சொல்லிக்கொண்டே அவர் மெதுவாக ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினார்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் தடுக்காதீர்கள், தடுத்தாலும் நிற்க மாட்டார். முதலில் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்து டப்பாவுக்குக் கிரவுண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பால் மிஞ்சும். ஆனால் உறுமல் போக வேண்டும் என்று ஆம்பிளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றக் கிளம்பினால் மட்டும் குறடைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடுங்கள். உறுமல் காதைத்தான் பிடிக்கும். எர்த் இல்லாத ஆம்பிளிஃபையர் ஆளையே பிடிக்கும்.