கூட்டல் குறி மிகுமிடம், மிகாவிடம்: கெர்னல் பதிப்புப் பொருத்தம் குறித்த ஓர் ஆராய்ச்சி

லினக்ஸ் கெர்னலுக்குள் டிரைவர் மாட்யூல் நுழையும் முறையை ஆராயப் புகுந்தோர் யாவரும் அதைக் கணினியியலின்பாற் படுத்தி வழுவினர். அது சுவடிப் பதிப்பியலின்பாற் பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்று வருமாறு: ஒவ்வொரு மாட்யூலும் வெர்மேஜிக் என்னும் ஒரு வரியைச் சுமந்து வருகிறது. எந்தக் கெர்னல் பதிப்புக்காகக் கட்டப்பட்டது, பல ப்ராசஸர்களுக்கு உரியதா, ஏற்றிய பின் இறக்க இடமுண்டா முதலிய செய்திகள் அவ்வரியில் அடங்கும். கெர்னல் தன்னிடமுள்ள வரியோடு அதை எழுத்தெண்ணி ஒப்பிட்டு, ஓரெழுத்து பிறழ்ந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பும். பாடபேதம் ஒன்றைக் கண்டதும் ஏட்டையே தள்ளிவிடும் பதிப்பாசிரியரிடம் நாம் காணும் குணம் இதுவே.

மாட்யூல்கள் மூவகைப்படும். கெர்னலோடு சேர்ந்தே கட்டப்பட்டவை முதல் வகை. இவை சண்டைக்கு இடங்கொடாமையால் ஆய்வுக்கு உதவா. கெர்னல் மாறுந்தோறும் மறுபடி கட்டப்படுபவை இரண்டாம் வகை; டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் அவ்வேலையைத் தானே செய்யும். பழைய கெர்னலுக்குக் கட்டப்பட்டுப் புதிய கெர்னலின் வாசலில் நிற்பவை மூன்றாம் வகை. புலமை முழுதும் இவற்றின் மீதே செலவிடத் தக்கது.

அவ்வகையிலும் தலையாயது கூட்டல் குறிச் சிக்கல். வெளியீட்டுக்கெனக் குறித்த இடத்தைத் தாண்டி மூலநிரலில் ஒரு திருத்தம் பதிவானால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, கட்டப்படும் கெர்னலின் பதிப்பெண் ஈற்றில் ஒரு கூட்டல் குறி தானே வந்து ஒட்டும். திருத்தம் நினைவகக் கையாளலைப் பற்றியதா, ஆவணத்தில் இருந்த எழுத்துப்பிழையைப் பற்றியதா என்று குறி பாராது. ஆகவே 6.1.0 என்பதற்குக் கட்டிய மாட்யூல் 6.1.0+ என்பதன் முன் அயலார் வீட்டுப் பிள்ளை. இக்குறி தோன்றலா, திரிதலா என்பதில் அறிஞர் வேறுபடுவர். தோன்றலே என்பார் ஒருவர், தாம் எழுதத் தொடங்காத நூலின் இரண்டாம் பதிப்பில். அந்நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்கூட்டியே மதிப்புரை வழங்கிய மற்றொருவர், கரையான் அரித்த ஏட்டின் அரிக்கப்பட்ட பகுதியில் வேறு பாடம் கண்டதாகச் சாதிப்பார். இருவரையும் மறுத்தெழுந்த ஆய்வேடோ அடிக்குறிப்புகளால் மட்டுமே ஆனது. அவையும் ஒன்றையொன்று 'மேலது' எனச் சுட்டுவதோடு நிறைவுறும். நெறியாளர் அதைப் படித்தமைக்குச் சான்றில்லை, கையொப்பம் உண்டு.

பதிப்பெண் பெயரே ஒழியப் பொருளன்று, பெயரை வைத்துத் தகுதி பார்ப்பது முறையோ என்பார் உளர். அவர் பக்கம் வலுவான சான்றுகளும் உள. 2011இல் 2.6.39க்கு அடுத்து 3.0 வந்தது, பெரும் மாற்றம் ஏதுமில்லை, எண்கள் நீண்டுவிட்டன என்பதே காரணம். 2.6 என்றே தொடங்கும் என நம்பியிருந்த நிரல்கள் தடுமாறவே, அவற்றுக்கு மட்டும் 2.6.40 என்று பொய் சொல்லவும் கெர்னலுக்கு வழி செய்யப்பட்டது. 2021இல் 4.9 வரிசை 256ஆம் திருத்தத்தை எட்டியபோது, கடைசி எண்ணுக்கு எட்டு பிட்டுகளே ஒதுக்கியிருந்தமையால், அது கணக்கில் 4.10 ஆகிவிடும் நிலை. நிரல்கள் ஒப்பிடும் எண்ணை 255இலேயே நிறுத்திவைத்துத் தப்பினர்.

இவ்வளவும் மெய். ஆயினும் முடிவு பிழை. கெர்னலின் உள்ளமைப்பு நிலையாக இருக்கும் என்று எவரும் வாக்குத் தரவில்லை. ஏன் தரலாகாது எனக் கெர்னல் உருவாக்குநர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய கட்டுரை கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. ஒரு தரவமைப்பில் ஒரு புலம் இடம் மாறினால் போதும், பழைய மாட்யூல் பிறர் இடத்தில் எழுதும். இயந்திரம் விழும், அல்லது விழாமல் தரவைக் கெடுக்கும். பொருளை அறிய வழியில்லாதபோது பெயரைப் பார்ப்பதே விவேகம். வழியிருந்தால் கெர்னல் இறங்கியும் வரும்: மாட்வெர்ஷன்ஸ் வசதியால் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் சிஆர்சி என்னும் சரிபார்ப்பு எண் தரப்பட்டிருந்தால், வெர்மேஜிக்கின் முதற் சொல்லாகிய பதிப்பெண்ணை அது பொருட்படுத்தாது, சிஆர்சி எண்களையே ஒப்பிடும். சான்று கண்டு பிடிவாதம் தளர்ந்த பண்டிதரை வரலாறு இதுவரை பதிவு செய்ததில்லை.

வலிந்து ஏற்றலாமே என்பது கடைசி ஆட்சேபம். ஏற்றலாம், அதற்கென அமைத்த கெர்னல் இடங்கொடுக்கும், கறைபட்டதாகத் தன் மீதே ஓர் 'எஃப்' முத்திரையும் குத்திக்கொள்ளும். அதன்பின் நேரும் பழுதுக்கு உதவி கேட்டால் உருவாக்குநர் முதலில் பார்ப்பது அம்முத்திரையைத்தான். ஆகவே வாசகர் செய்யத்தக்கது இது: ஓடுகிற கெர்னலின் பதிப்பைப் பார்த்து, அதே பதிப்பின் ஹெடர் கோப்புகளை நிறுவி, மாட்யூலை மறுபடி கட்டுக. மறுக்கப்பட்டால் கெர்னல் லாகைப் படிக்க. வந்த பாடம் எது, வேண்டிய பாடம் எது என்று இரண்டையும் ஒரே வரியில் அது எழுதியிருக்கும். கட்டுரைகளைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும் ஆய்விதழ்க் குழுக்கள் அவ்வொரு வரியையாவது கற்றுக்கொள்ளலாம்.