பக்கத்து வீட்டாரின் நடுகல்

(பிரான்ஸில் குடியேறி வாழும் பிரிட்டிஷ்காரர்களைப் பற்றியும், அங்கே நவம்பர் 11 நினைவு நாளைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கே: நவம்பர் 11 அன்று பிரெஞ்சு கிராமங்களில் என்னதான் நடக்கிறது?

ப: முதல் உலகப் போர் 1918-இல் அன்று காலை 11 மணிக்குத்தான் ஓய்ந்தது. 1922 முதல் பிரான்ஸில் அது அரசு விடுமுறை. போரில் மாண்ட ஊர்ப் பிள்ளைகளின் பெயர் பொறித்த கல், ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் உண்டு. அதன் முன் ஊர் கூடும். மேயர் மலர்வளையம் வைப்பார், கொடிகள் தாழும். கல்லிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பல ஊர்களில் ஒவ்வொரு பெயருக்கும் ‘பிரான்ஸுக்காக உயிர் நீத்தார்’ என்று பள்ளிப் பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் ஒயின் கொடுத்து உபசரிப்பார்கள்.

கே: அங்கே குடியிருக்கும் பிரிட்டிஷ்காரருக்கு இதில் என்ன வேலை?

ப: போய் நிற்பதுதான் வேலை. வீடு வாங்கினால் முகவரி கிடைக்கும். ஊரின் துக்கத்தில் பங்கெடுத்தால்தான் ஊர் கிடைக்கும்.

கே: அவர்கள் நாட்டு வீரர்களின் கல்லறைகளே அங்கு ஏராளமாக இருக்கின்றனவே. அங்கே போய் வணங்கினால் போதாதா?

ப: போதாது. போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுபோக பிரிட்டன் 1915-இலேயே தடை விதித்தது. பணக்காரர் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஏழை பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம். அதே ஆண்டு டிசம்பரில், நேச நாட்டு வீரர்களின் கல்லறைகளுக்கு நிரந்தரமாக நிலம் ஒதுக்கச் சட்டம் இயற்றியது பிரான்ஸ். தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆறடி மண் கொடுத்த நாட்டில், அந்நாட்டுப் பிள்ளைகளின் பெயர் வாசிக்கப்படும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது நன்றியாகாது.

கே: சட்டையில் பிரிட்டிஷாரின் சிவப்பு பாப்பிப் பூவைக் குத்துவதா, பிரெஞ்சுக்காரர்களின் நீலப் பூவைக் குத்துவதா?

ப: இரண்டையும் குத்திக்கொள்ளலாம். பாப்பிப் பூவை விற்று நிதி திரட்டலாம் என்று 1921-இல் பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களிடம் எடுத்துச் சொல்லி இணங்க வைத்தவர் ஆன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. நீலப் பூ, பாரிஸின் இன்வாலிட் மருத்துவமனையில் ஊனமுற்ற வீரர்களுக்குப் பிழைப்பு தேடித் தர இரண்டு பெண்கள் தொடங்கிய துணிப்பூ வேலை. குண்டு விழுந்து புரண்ட வயல்களில் இரண்டு பூக்களும்தான் பூத்தன.

கே: மௌனம் ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா?

ப: பிரிட்டனில் இரண்டு, பிரான்ஸில் ஒன்று. எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் வழக்கம்.

கே: இரு நாட்டாரையும் ஒரே இடத்தில் நினைவுகூரும் சின்னம் உண்டா?

ப: சோம் பகுதியில் தியெப்வால் இருக்கிறது. புதுடெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ் கட்டியது, 1932-இல் திறந்தார்கள். உடல் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க வீரர்கள் 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. அதன் காலடியில் 300 பிரெஞ்சுக் கல்லறைகளும் 300 பிரிட்டிஷ் பேரரசுக் கல்லறைகளும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. அவற்றில் உறங்கும் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

கே: இந்தக் கல்லறைகளை இத்தனை காலம் பராமரித்தது யார்?

ப: 1917-இல் உருவான போர்க் கல்லறை ஆணையத்தின் தோட்டக்காரர்கள். அவர்களில் பலர் முன்னாள் வீரர்கள். பிரெஞ்சுப் பெண்களை மணந்து, அந்தக் கிராமங்களிலேயே தங்கிப் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 1940-இல் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்தபோது தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. வாலென்சியென் ஊர்க் கல்லறையைப் பராமரித்த ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற அயர்லாந்துக்காரர், பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதற்காகக் கைதாகி, 1944-இல் ஜெர்மனியில் சிறையிலேயே இறந்தார். அண்டை வீட்டுக்காரராக வாழ்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் ஆள் இவர்தான்.

கே: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுகளுக்குப் பிரெஞ்சு மக்களும் பலியானார்களே! அதைப் பேசினால் உறவு கெட்டுவிடாதா?

ப: பேசாமல் மறைத்தால்தான் கெடும். 1940 ஜூலையில் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை சுட்டதில் இறந்த பிரெஞ்சு மாலுமிகள் 1,200-க்கும் மேல். 1944 செப்டம்பரில் லெ ஹாவ்ர் நகரின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் சுமார் 2,000 பொதுமக்கள் மாண்டார்கள். அந்த நகரத்தைத்தான் அவர்கள் விடுவிக்க வந்தார்கள். நார்மண்டியில் வேர்-சுர்-மேர் என்ற ஊரில் 2021-இல் திறந்த பிரிட்டிஷ் நினைவகம் இந்த விஷயத்தில் சரியாக நடந்துகொண்டது. பிரிட்டிஷ் தலைமையின் கீழ் போரிட்டு மாண்ட 22,442 பேரின் பெயர்களைப் பொறித்த அதே வளாகத்தில், போரில் இறந்த பிரெஞ்சுப் பொதுமக்களுக்கும் ஒரு சின்னம் வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுக்காரரின் பாட்டி, பிரிட்டிஷ்காரரின் தாத்தா வீசிய குண்டில் இறந்திருக்கலாம். அது தெரிந்தும் இருவரும் சேர்ந்து தலை குனிவதுதான் கூட்டு நினைவு. மற்றதெல்லாம் அணிவகுப்பு.

கே: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்சிட் இந்த உறவை முறித்துவிட்டதா?

ப: உரிமையைப் பறித்தது. முன்பு கிராம மன்றங்களில் பிரிட்டிஷ்காரர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெறாதவர்களுக்கு 2020 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் நினைவுக் கல்லின் முன் நிற்க யாரும் வாக்காளர் அட்டை கேட்பதில்லை.

கே: இதில் நமக்கு என்ன சம்பந்தம்?

ப: நிறையவே. வட பிரான்ஸின் நெவ்-ஷாப்பெல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் உள்ளன. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரான்ஸில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் நவம்பர் 11 அன்று உங்கள் ஊர்க் கல்லின் முன் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள், அந்தச் சின்னத்தின் முன் படம் எடுப்பதற்கு முன் அது யாருக்காக நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.