ஆவி ஈந்த வள்ளல்

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். பள்ளியில் கடையெழு வள்ளல்களை மனப்பாடம் செய்தபோது, எட்டாமவர் ஒருவர் திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்து நான்காம் தளத்தில், சரியாக அடியேன் தலைக்கு மேலே வந்து குடியேறுவார் என்று யார் கண்டது? தம் இல்லத்தில் நீராவி அறை ஒன்றைச் சமைத்து, அதில் விளையும் ஈரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், கேளாமலே கீழ்வீட்டுக் கூரைக்கு வாரி வழங்கிவரும் அப்பெருந்தகையின் புகழை, மூன்றாம் தளத்தில் பக்கெட்டும் கையுமாக வாழும் அடியேன் பாடாவிட்டால் வேறு யார் பாடுவது?

சென்னை எப்படிப்பட்ட ஊர்! 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்ட ஊர். கத்திரி வெயிலில் பகலெல்லாம் வறுபட்டு, சாயங்காலம் கடற்காற்று வந்தால் அதுவும் ஈரத்தைச் சுமந்து வந்து சட்டையை முதுகோடு ஒட்டிவிட்டுப் போகும் ஊர். இங்கே வியர்வை என்பது பேருந்தில் தொங்குகிறவனுக்கும், கூடையில் மீன் சுமக்கிறவளுக்கும் காசில்லாமல் கிடைக்கும் சரக்கு. ஊருக்கெல்லாம் கிடைப்பதைக் கை நீட்டி வாங்குவது உயர்குடிக்கு அழகா? ஆகவே பெருந்தகையார் முதற்கண் நான்கு அறைகளிலும் ஏசி பொருத்தி, 18 டிகிரியில் நிறுத்தி, தெருவின் வியர்வை தம் திருமேனியில் அரும்பாதபடி காத்துக்கொண்டார். அவ்வாறு நாளெல்லாம் தடுத்து நிறுத்திய வியர்வையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரவழைக்கவே பல லட்சம் செலவில் அந்த அறை. தடுக்கவும் மின்சாரம், வரவழைக்கவும் மின்சாரம். இரு கையாலும் ஈவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மின்வாரியத்துக்கு இப்படி ஈந்தவரை அடியேன் இப்போதுதான் கண்டேன்.

பின்லாந்துக்குப் போய் வந்தபோது உதித்த எண்ணமாம் இது. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. பனி உறைந்த ஏரிக்கரையில் மரக்குடில் கட்டி, அடுப்பின்மேல் கற்களை அடுக்கிக் காய்ச்சி, அகப்பையால் நீரை மொண்டு ஊற்றி, எழும் ஆவிக்கு ‘லோய்லு’ என்று பெயரிட்டு வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் பிள்ளை பெற்றதும் அங்கேதான், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். 2020-இல் யுனெஸ்கோ அந்த மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பதவியைச் சட்டையோடு கழற்றி வெளியே மாட்டிவிட்டு, எல்லோரும் ஒரே பலகையில் உட்காருவார்களாம். பாவம், வெள்ளந்தி மக்கள். வெளியே உறைபனி கொட்டுவதால் உள்ளே சூட்டைத் தேடினார்கள். தேவைக்காக ஒன்றைச் செய்வதில் என்ன பெருமை இருக்கிறது? தேவை என்னும் மாசு ஒரு துளியும் படியாமல் அதே காரியத்தைத் திருவான்மியூரில் செய்து காட்டியவரல்லவா நம்மவர்!

கடையிலே அன்னார் காட்டிய ஞானத்தை உடனிருந்து கேட்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. சவுனா என்றால் 80 முதல் 100 டிகிரி வரை உலர்ந்த சூடு, ஸ்டீம் என்றால் 40, 50 டிகிரியில் நூற்றுக்கு நூறு ஈரம், இரண்டும் வேறு வேறு என்று கடைக்காரப் பையன் விளக்கப் புகுந்தான். “எல்லாம் வேர்வைதானேப்பா” என்று ஒரே சொல்லில் அத்வைதம் உரைத்து அவனை அடக்கினார். பையன் விடவில்லை. அறையின் கன அளவைப் பார்த்துத்தான் ஸ்டீம் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும், பளிங்கும் கண்ணாடியும் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் அவற்றுக்கென்று கூடுதலாகக் கிலோவாட் வேண்டும், கூரை எட்டடிக்கு மேல் போனால் ஆவி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆள் கீழே வெறுமனே உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டான். கணக்குப் பார்ப்பவர் வள்ளலாவாரா? சுவரெல்லாம் இத்தாலியப் பளிங்கு, முன்புறம் முழுக்கக் கண்ணாடி, கூரை ஒன்பதரை அடி என்று அருளிச்செய்து, இருப்பதிலேயே சிறிய நாலு கிலோவாட் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். அதன் பொத்தான் பலகை மட்டும்தான் ரோஸ் கோல்டு நிறத்தில் இருந்தது.

இட்லிப் பானை அவசரக்குடுக்கை. பத்து நிமிடத்தில் வேகவைத்து இறக்கிவிடும். பெருந்தகையாரின் அறையோ நாற்பது நிமிடம் யோசித்த பிறகுதான் மூடுபனிபோல் லேசாக மனம் இளகும். அந்நாற்பது நிமிடமும் இடுப்பில் துண்டோடு, குளிர்ந்த பளிங்குத் திண்டில், மயிர்க்கூச்செறிய அமர்ந்திருக்கும் தவத்தை அந்தக் காலத்து முனிவர்கள் கண்டால் நாணித் தலைகுனிவார்கள்.

அக்கூரையின் அழகைத் தனியே பாட வேண்டும். ஸ்டீம் அறைக்கூரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால், குளிர்ந்து திரளும் துளிகள் சுவரோரமாய் வழிந்து இறங்கிவிடும் என்பது தொழில் தெரிந்தவர்களின் சாதாரண புத்தி. நம்மவர் அதைத் தட்டையாக, ஜிப்சம் போர்டில், நட்சத்திரம்போல் மின்னும் விளக்குகள் பதித்து அமைத்தார். ஆகவே துளிகள் எங்கும் வழிந்து வீணாவதில்லை. ஒவ்வொன்றும் பருத்து, தயங்கி, நேரே அன்னாரின் உச்சந்தலையில் விழும். கோயிலில் தாராபாத்திரத்தின் கீழ் எழுந்தருளியிருக்கும் லிங்கத்துக்கு மட்டுமே உரிய மரியாதை அது. மனிதரில் வேறு எவருக்கும் வாய்த்ததாக அடியேன் கேட்டதில்லை. மூன்றாம் மாதத்தில் போர்டு ஊறித் தொங்கி, நாலு நட்சத்திரங்கள் உதிர்ந்ததையும் வானத்து இயல்பு என்றே கொள்க.

இனி, கொடை. கல்லுக்குப் பின்னால், சுவரிலும் கூரையிலும் இடைவெளி விடாமல், ஆவி புகாத படலம் ஒட்ட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். தண்ணீரைத் தடுப்பது வேறு, ஆவியைத் தடுப்பது வேறு. ஆவி சிமெண்டின் கண்ணுக்குத் தெரியாத துளை வழியே புகுந்து, சுவருக்குள் குளிர்ந்த இடம் பார்த்து நீராகிவிடும். “பின்னால போயிடுற ஐட்டம் சார், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனா அதான் முக்கியம்” என்றாராம். யார் கண்ணுக்கும் தெரியாது என்ற சொல்லை மட்டும் செவிமடுத்து, அந்தப் பணத்தில் அவ்வறை வாசலுக்கு விரல்ரேகைப் பூட்டு வாங்கினார் பெருந்தகை. உள்ளே இருப்பவருக்கு மயக்கம் வந்தால் தள்ளிக்கொண்டு வெளியே விழுவதற்காக, இத்தகைய அறைக்கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டே கூடாது என்பது கோழைகளின் வழக்கம். இரத்தக்கொதிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை உண்ணும் வீரர் அதற்கெல்லாம் அஞ்சுவாரா? மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால்கூட அவரது துணிவுக்கு இழுக்கு.

படலம் இல்லாத அந்தப் பரந்த மனத்தின் பயனை ஆனி மாதத்தில் அடியேன் முதன்முதலாகத் தரிசித்தேன். எங்கள் குளியலறைக் கூரையில் எட்டணா அகலத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. ஆடியில் அது தோசையாயிற்று. ஆவணியில் ஓரத்தில் எள்ளை இறைத்தாற்போல் கறுப்புப் பூஞ்சை அரும்பியது. நனைந்த கோணிச்சாக்கின் வாசனை துவைத்து மடித்த துணியிலும் ஏறியது. பெயிண்ட் அப்பளம்போல் உப்பி நின்ற ஓரிடத்தை விரலால் அழுத்தினேன். ஒரு கரண்டித் தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடிச் சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. தாம் அனுபவித்த சூட்டில்கூட எனக்கொரு பங்கு வைத்திருந்தார்! புரட்டாசியில் கூரைப் பூச்சு உள்ளங்கை அளவு பெயர்ந்து வாஷ்பேசினில் விழுந்தபோது, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் பூத்திருந்தது. உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கம்பி துருப்பிடித்தால் காங்கிரீட்டையே பிளந்துகொண்டு பருக்கும். கட்டடத்தையே மலரச் செய்யும் வித்தை வேறு யாருக்குக் கைவரும்?

மேலே போய்க் கைகட்டி நின்று விண்ணப்பித்தேன். “மழைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார். அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு தூறல்கூட விழவில்லை. வானம் செய்யத் தவறியதைத் தாமே செய்துவிட்டு, அந்தப் புகழையும் வானத்துக்கே கொடுத்த அடக்கத்தை என்னென்பது!

எங்கள் போர்வெல் தண்ணீர் கடுநீர். அதைக் கொதிக்கவைத்தால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படியும். அவ்வப்போது கழுவி எடுக்க வேண்டும். கழுவுவது எளியோர் வேலை என்பதால் நம்மவர் கழுவவில்லை. கழற்றிய கம்பியை மெக்கானிக் அடியேனுக்குக் காட்டினார். விபூதியில் புரட்டிய கோல்போல் வெள்ளை வெளேரென்று, தொட்டால் ஓடாக உதிர்ந்தது. இதுவரை இரண்டு கம்பிகள் இவ்வாறு திருநீறு பூசி முக்தியடைந்தன.

நொச்சி இலையைக் கொதிக்கவிட்டுக் கம்பளியைப் போர்த்தி வேது பிடிப்பது நம் பாட்டிமார் செய்தது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் வேதும் ஒன்று. ஒரு பானை, ஒரு கம்பளி, வேலியில் பறித்த இலை என்று முடிந்துபோகும் அந்த ஏழ்மையைப் பெருந்தகை ஏறெடுத்தும் பாரார். அவர் அறைக்கு வாசனைக் குப்பி கடல் கடந்து வருகிறது. மோந்து பார்த்தேன். யூக்கலிப்டஸ். ஊட்டியில் சாலையோரக் கடைகளில் நீலகிரித் தைலம் என்று விற்பதன் உடன்பிறப்புதான். உள்ளூரிலேயே கிடைக்கும் வாசனையாயினும் விமானத்தில் ஏறி வந்தால்தான் அன்னாரின் நாசி ஏற்கும்.

உடம்பின் நச்செல்லாம் வியர்வையில் போய்விடுகிறது என்பது அன்னாரின் மருத்துவக் கொள்கை. வியர்வையில் பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். நச்சை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆயுள் முழுக்க உழைத்த அவ்வுறுப்புகளுக்கு ஓய்வூதியம் கொடுத்த கருணையாளர் இவர் ஒருவரே. அறையிலிருந்து வந்ததும் எடை பார்த்து அரைக்கிலோ குறைந்ததென்று மகிழ்வார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து அதைத் திரும்பப் பெற்று, மறுநாளும் அதே அரைக்கிலோவைக் குறைப்பார்.

அவர் வீட்டு அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. ஸ்டீம் அறைச் செலவு கைமீறியதால் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. சமையல் செய்யும் அம்மா தினமும் மூன்று மணி நேரம் அங்கே நின்று, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி குழம்பு வைக்கிறார். தாம் லட்சங்கள் கொட்டியும் நாற்பது நிமிடம் காத்திருந்து பெறும் பேற்றை, பணிசெய்வோருக்குக் காசு வாங்காமல், காத்திருக்கவும் வைக்காமல் வழங்குவதில் பெருந்தகைக்கு நிகர் பெருந்தகையே.

வாட்ச்மேன் அண்ணனிடம் காட்டிய பரிவு அதனினும் பெரிது. வாசலில் நாலடிக்கு நாலடி, தகரக் கூரை போட்ட கூண்டு அவருடையது. அதற்கு 2,500 ரூபாயில் ஒரு மின்விசிறி வாங்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பெருந்தகை எழுந்தார். பராமரிப்புப் பணத்தை இப்படி இறைக்கக் கூடாதென்றும், வேர்ப்பது உடம்புக்கு நல்லதென்றும், தாம் அனுபவத்தில் கண்டதென்றும் எடுத்துரைத்தார். தீர்மானம் கைவிடப்பட்டது. விசிறி என்னும் தீமையிலிருந்து ஓர் ஏழை காப்பாற்றப்பட்டார்.

இவ்வளவும் போதாதென்று, எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடியில், நடுவெயிலில், மரத்தாலான சவுனாக் கூடு ஒன்றை நிறுவப்போகிறார். பெட்டிகள் போன வாரம், கத்திரியின் நட்டநடுவில், மதியம் ஒரு மணிக்கு லாரியில் வந்து இறங்கின. லிஃப்டில் நுழையவில்லை. வாட்ச்மேன் அண்ணனும் இரண்டு லோடுமேன்களும் தோளில் சுமந்து படியேறினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில், எங்கள் வீட்டு வாசலில், பெட்டியை இறக்கி மூச்சு வாங்கினார் அண்ணன். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன்.

“என்ன சார் பொட்டி இது, இந்தக் கனம் கனக்குது?”

“சவுனாண்ணே. உள்ள உக்காந்தா நல்லா வேர்க்கும்.”

அவர் பெட்டியைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். படிக்கட்டில் சொட்டிய ஈரத்தைச் செருப்பால் தேய்த்துவிட்டு, பெட்டியை மறுபடி தோளுக்கு ஏற்றிக்கொண்டார்.