தலைகுப்புற ஒரு தளபதி

1660களில் இத்தாலியின் பொலோனியாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் தேவாலயத்துக்குப் போனார்களோ இல்லையோ, எலிசபெட்டா சிரானி வீட்டுப் படியேறாமல் ஊர் திரும்பமாட்டார்கள். கலைத்தாகம் ஒருபுறம். அம்மணி நிஜமாகவே வரைகிறாரா, அப்பா வரைந்ததில் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறாரா என்ற துப்பறியும் ஆசை மறுபுறம்.

அப்பா ஜோவன்னி ஆந்திரேயாவும் ஓவியர்தான். ஆனால் கீல்வாதம் வந்து கை முடங்கிவிட்டது. வீட்டில் உலை கொதித்ததே மகளின் தூரிகையால்தான். சுமார் 10 வருடங்களில் ஏறக்குறைய 200 படங்கள்! 1664இல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசர் கோசிமோவே வந்து நின்றார். அவருடைய சித்தப்பாவுக்காக வரைந்துகொண்டிருந்த படத்தில் அவர் கண்ணெதிரிலேயே தூரிகையை ஓட்டிக் காட்டினார் எலிசபெட்டா. இளவரசர் வாயை மூடிக்கொண்டு, தனக்கும் ஒரு மாதா படம் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தேகப் பிராணிகளுக்காகவே சட்டைப் பொத்தானிலும் துணியின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டுவைத்தார். பெயரைத் தேடும் சாக்கிலாவது படத்தை உற்றுப் பார்ப்பார்கள் அல்லவா?

அவர் வரைந்தவற்றில் 1659ஆம் வருடத்துப் படம் ஒன்று. தீப்ஸ் நகரைச் சூறையாடிய அலெக்சாந்தரின் தளபதி ஒருவன் டிமோக்லியா என்பவளைக் கெடுத்துவிட்டு, காசை எங்கே ஒளித்தாய் என்றும் கேட்டான். கிணற்றில், என்றாள். குனிந்தான். தள்ளிவிட்டுக் கல்லையும் போட்டாள். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொன்ன கதை. மற்ற ஓவியர்கள் பலருக்கும் அலெக்சாந்தர் அவளைப் பெருந்தன்மையாக மன்னிக்கும் காட்சிதான் பிடித்தமானது, ஹீரோ வேண்டுமே! எலிசபெட்டாவோ ஹீரோவுக்குப் படத்தில் இடமே தரவில்லை. கிணற்றடி, தலைகுப்புற விழும் தளபதி, ஆகாயத்தைப் பார்த்து இரண்டு கால்கள். டிமோக்லியா முகத்தில் கோபம்கூட இல்லை, குப்பை கொட்டுகிற முகம். நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் அந்தக் கால்கள் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கின்றன.

1665 ஆகஸ்டில் வயிற்றுவலி வந்து எலிசபெட்டா இறந்தபோது வயது 27. வேலைக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று வழக்கு நடந்தது, உடலை அறுத்துப் பார்த்தார்கள். குடல் புண்ணாக இருக்கலாம் என்பது இன்றைய ஊகம். ஊரே திரண்டு மரியாதை செய்து, மகா ஓவியர் குய்தோ ரேனியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தது. ரேனி யார்? பெண்கள் சூனியம் வைப்பார்கள், விஷம் வைப்பார்கள் என்று பயந்து, வீட்டு வேலைக்குக்கூடப் பெண்களைச் சேர்க்காதவர் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய மால்வாசியா எழுதிவைத்திருக்கும் அதே ரேனிதான். பாவம், எழுந்து ஓடவும் முடியாது.