சுண்டலுக்கு வந்த வாழ்வு

இளம்பிள்ளையில் ஒரு தறி முதலாளி வீட்டு வரவேற்பு. வாசலில் தட்டுவடை செட் இல்லை. அவித்த உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நடுவில் குடைந்து, ஹம்மஸ் நிரப்பி அடுக்கியிருந்தார்கள். ஆரோக்கியமாம். பாராட்ட வேண்டியதுதான். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்ட தட்டுவடையைத் தின்று சேலம் ஜில்லா எத்தனை காலம் கெட்டுக் கிடந்தது!

ஹம்மஸ் பெரிய வித்தை. கொண்டைக்கடலை முழுசாக இருந்து, தேங்காய்த் துருவலோடு தொன்னையில் வந்தால் அது கோயில் சுண்டல். இலவசமாகக் கிடைப்பதில் சத்து எங்கிருந்து வரும்? அதையே எள், பூண்டு, எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றியதும் புரதமும் நார்ச்சத்தும் ஓடி வந்து உட்கார்ந்துகொள்கின்றன. செக்கு நல்லெண்ணெய்க்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, பாஸ்போர்ட் இல்லை.

லெபனான்காரர்கள் 2010இல் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து கின்னஸில் ஏறினார்கள். நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்தக் கணக்கு. நாம் தறிக்கு ஒரு கிலோ என்று இறங்கினால் போதும்.

"பல்லுப் போனவிகளுக்குத்தானே கண்ணு அரைச்சுக் குடுப்போம்?" என்றார் ஓர் அப்பத்தா. விவரம் தெரியாதவர்.

குடைந்தெடுத்த கிழங்கு வீணாகவில்லை. பின்கட்டில் மசாலா சேர்த்து உருட்டி, கடலைமாவில் முக்கி, போண்டாவாகப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஹம்மஸோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. அடுத்த வரவேற்புக்குப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பவும்.