அண்ணாச்சி மலை ஏறுகிறார்

ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் 108க்கு போன் போட்டுவிட வேண்டாம். மே, ஜூலை, அப்புறம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அது வழக்கம்தான். எதிர்வீட்டு அண்ணாச்சி இத்தாலியிலோ பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ மலை ஏறிக்கொண்டிருப்பார். அங்கே பந்தயம் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு முடியும். நாகர்கோவிலில் அப்போது ராத்திரி ஒன்பது. ஏறுகிறவர் இவர்தான், சைக்கிள் மட்டும் வேறு ஆளுடையது.

அறுபத்தெட்டு வயது. நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் சங்கிலி பிடித்து, தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை ஊராருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர். தன்னுடைய பன்னிரண்டு சென்ட் தென்னந்தோப்புக்கு மட்டும் தம்பியோடு ஒன்பது வருஷமாகக் கேஸ் நடத்திவருகிறார். சாயாக்கடை முந்நூறு மீட்டர் தூரம். ஸ்கூட்டரில்தான் போவார். கேட்டால், "வழியில ஒரு ஏத்தம் உண்டும்லா" என்பார். அப்படிப்பட்டவர்தான் ராத்திரியில் சாய்வு நாற்காலியில் மல்லாந்தபடி, "சீட்ட விட்டு எந்திரிலே! எந்திரிச்சு மிதிலே சவமே!" என்று உலகத்தின் முதல் பத்து மலையேறிகளுக்கு உத்தரவு போடுகிறவர்.

நாஞ்சில் நாட்டில் சைக்கிள் பந்தய ரசிகர் என்கிற இந்த இனம் அதிகம் கிடையாது. எண்ணிக்கை குறைவதைச் சத்தத்தில் ஈடுகட்டிவிடுவார்கள். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஏற்றத்தில் உடம்பு முன்னால் சாயும். இறக்கத்தில் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த காலத்தில் பிரேக் அங்கேதான் இருந்தது. ஓட்டுகிறவன் தண்ணீர் பாட்டில் வாங்கினால் இவருக்கும் தொண்டை வறண்டு, "ஒரு செம்பு மோரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் மகன். பெங்களூரில் வேலை. ஓர் ஆண்டு நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தில் சேர்ந்து, மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு வந்தான். "பஸ்ஸு இல்லியாலே?" என்று மட்டும் அண்ணாச்சி கேட்டார். 2016 தீபாவளிக்கு வந்தவன், அந்த ஜூலை 14இல் டூர் டி பிரான்ஸில் மோன் வான்து மலையில் நடந்த கூத்தைக் கைபேசியில் காட்டினான். கூட்டம் ரோட்டை அடைத்து நிற்க, முன்னால் போன மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றது. பின்னால் வந்த கிறிஸ் ஃப்ரூம் அதில் மோதி, சைக்கிள் உடைந்து, மஞ்சள் சட்டையோடு மலைமேல் ஓட ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் இல்லாமல். காலில் ஆணி வைத்த மாதிரி சைக்கிள் செருப்பு.

"லேய் மக்கா, சைக்கிள் ரேஸுன்னுதானே சொன்னே? இவன் என்னத்துக்கு ஓடுகான்?"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுபடி போடச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: உச்சிவரை போகவேண்டிய பந்தயத்தை ஆறு கிலோமீட்டர் கீழேயே ஏன் முடித்தார்கள்? மேலே காற்று பலமாம் என்றான் மகன். அவ்வளவுதான், நாஞ்சில் நாட்டு ரோஷம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. "காத்தாம் காத்து! ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக்கு வந்து பாக்கச் சொல்லு. அதுக்காக நாங்க பஸ்ஸ நிறுத்துனோமா, கல்யாணத்த நிறுத்துனோமா?" அன்று தொடங்கியது.

அவருடைய ஞானம் முழுக்க உள்ளூர்ச் சரக்கு என்பதுதான் விசேஷம். காலேஜ் நாட்களில் ஆரல்வாய்மொழிப் பக்கம் சைக்கிளில் போனவர். போகும்போது மேல்காற்று முதுகைத் தள்ளும், பெடலே வேண்டாம். திரும்பும்போது இறங்கித் தள்ளவேண்டும். இல்லையென்றால் வைக்கோல் வண்டி ஒன்று வரும்வரை காத்திருந்து அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் நூறு பேர் ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவனாகப் பதுங்கி ஓட்டுவதற்கும் காரணம் அதே வைக்கோல் வண்டிதான். "சமதளத்துல காத்து, ஏத்தத்துல கனம். இது ரெண்டும் தெரிஞ்சா ரேஸு தெரிஞ்சுபோச்சு" என்பார். குழுவுக்கு எட்டுப் பேர் எதற்கு என்று கேட்டால் சுசீந்திரம் மார்கழித் தேருக்குப் போய்விடுவார். "ஏழு பேரு வடம் புடிக்கணும், ஒருத்தன் சாமி. வடம் புடிச்சவன் பேரு கல்வெட்டுல வராது கேட்டியா." சட்டை முழுக்கக் கம்பெனி விளம்பரம் இருப்பதும் அவருக்குப் புதிதில்லை. சிறுவயதில் ஊர் மைதானத்தில் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றியவனின் சட்டையில் அவரே இரண்டு ரூபாய் நோட்டைக் குத்தியிருக்கிறார்.

எதிர்க்கட்சி சாயாக்கடையில் இருக்கிறது. ரிட்டயர்டு கம்பவுண்டர். யார் தாவிப் போனாலும் அவர் வாயில் ஒரே சொல்தான்: "ஊசி." ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களையும் 2012இல் பிடுங்கியதிலிருந்து அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அண்ணாச்சி இதற்கு மட்டும் குரலைத் தாழ்த்துவார். "இப்பம் வீட்டு வாசல்ல வந்து நின்னு மூத்திரம் புடிச்சிட்டுப் போறான் வே. உம்ம சுகருக்கு நீரு ரத்தம் குடுத்து ஆறு மாசம் ஆச்சு, மொதல்ல அதப் பாரும்."

2023 ஜூலை 19. லோஸ் மலை. ததேய் பொகச்சார் பாதி ஏற்றத்தில் காலோய்ந்து, தான் தீர்ந்துபோனதாக ரேடியோவில் குழுவுக்குச் சொன்ன நாள். அண்ணாச்சி தலையில் கைவைத்து, தெருவே கேட்க, "போயிட்டான்! பொகச்சார் போயிட்டான்!" என்று அலறினார். கீழவீட்டுப் பெரியவர் தோளில் துண்டைப் போட்டு, டார்ச் லைட்டோடு படியேறி வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"எப்பம் போச்சு? எடுக்கது நாளைக்குத்தானா?"

மதினி அவருக்குக் கடுங்காப்பி கொடுத்து அனுப்பினாள். அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை. துஷ்டி வீடு மாதிரித்தான் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது 2025 மே 31, சனிக்கிழமை ராத்திரியை. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அண்ணாச்சி வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு லைட்டும் ஒரு ஃபேனும்தான் ஓடும், டிவி ஓடாது. மதினிக்கு சீரியல் போயிற்று. அதனால்தான், கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தது. நானும் இருந்தேன்.

"என்ன பந்தயம் இது?"

"ஜீரோ டி இத்தாலியா."

"ஜீரோவ ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. நிலவரம் அப்படி. மூன்று வாரப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய நாள். முன்னிலைக்கான ரோஸ் சட்டையில் மெக்சிகோவின் ஐசக் டெல் டோரோ, இருபத்தொரு வயசுப் பையன். 43 விநாடி பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபஸ், 2019இல் இதே பந்தயத்தை ஜெயித்தவர். இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் மூன்றாவது, 1 நிமிடம் 21 விநாடி பின்னால். அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

எதிரே ஃபினெஸ்த்ரே மலை. 18.5 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 9.2 சதவீதம். சர்வேயர் இதை மதினிக்கு அவளுடைய பாஷையில் அளந்து கொடுத்தார். "நூறு மீட்டர் போனா ஒரு தென்னைமரம் பொக்கம் ஏறணும். அந்த மாதிரி நூத்தி எண்பத்தஞ்சு தென்னை, ஒண்ணுமேல ஒண்ணு." கூட்டிப் பாருங்கள், 1,700 மீட்டர் வரும். நம்முடைய மகேந்திரகிரிகூட கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரம் கிடையாது. போதாததற்குப் பின்பாதி எட்டு கிலோமீட்டரும் தார் காணாத சரளை ரோடு. "நம்ம ஊரு ரோடு மாதிரில்லா இருக்கு" என்றாள் மதினி, முதல்முறையாக ஆர்வத்தோடு.

அடிவாரத்திலேயே கராபஸ் தாவினார். டெல் டோரோ நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பைய வந்து சேர்ந்தார் யேட்ஸ். வந்தவர் நிற்காமல் மேலே போனார். பிடித்தார்கள். மறுபடி போனார். அதற்குப் பிறகு பிடிக்கவில்லை.

"இந்த ரெண்டு பேரும் ஏன் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டே போறானுவ?" மதினி கேட்டாள்.

"இவன் இழுத்தா அவனுக்குச் சொகம். அவன் இழுத்தா இவனுக்குச் சொகம். நான் இழுத்து, நீ கடைசியில என்னத் தாண்டிட்டுப் போகவான்னு ரெண்டு பேருக்கும் வைராக்கியம்."

"அப்பம் முன்னால போனவன்?"

"அவன் போயிட்டான்."

உச்சியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி. இறக்கத்தில் அண்ணாச்சி போட்ட பிரேக்கில் செம்பு சரிந்து கைபேசி மோர்ப் பாத்திரத்தில் விழப்பார்த்தது, நான் பிடித்தேன். கீழே பள்ளத்தாக்கில் யேட்ஸின் குழுவைச் சேர்ந்த வவுட் வான் ஆர்ட் காத்துக்கொண்டிருந்தார். அன்று முன்கூட்டியே தப்பிப் போன கூட்டத்தில் அனுப்பிவைத்த ஆள், நல்ல ஆகிருதி. சமதளத்தில் வைக்கோல் வண்டி கிடைத்த மாதிரி யேட்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். "பாத்தியா, காலம்பறயே கல்லு நட்டு வச்சிருக்கான்!" என்று அண்ணாச்சி தொடையில் அடித்தார். நில அளவைக்காரர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பின்னால் அந்த இருவரும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். முறைப்பு ஐந்து நிமிட இடைவெளி ஆயிற்று. மறுநாள் ரோமில் கணக்கு முடிந்தபோது யேட்ஸ் முதல். டெல் டோரோ 3 நிமிடம் 56 விநாடி பின்னால், கராபஸ் அதற்கும் பின்னால்.

அந்தச் சனிக்கிழமை பந்தயம் முடிந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் யேட்ஸ் அழுதார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2018இல் இதே ரோஸ் சட்டையைப் பதின்மூன்று நாள் போட்டிருந்தவர், இதே மலை வந்த நாளில் காலோய்ந்து 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். அன்று எண்பது கிலோமீட்டர் தனியாகப் போய்ப் பந்தயத்தைத் தட்டியவர், மலையில் ஓடினாரே அதே ஃப்ரூம். ஏழு வருஷம் கழித்து யேட்ஸ் அதே மலையில் வந்து வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரல் உள்ள அடிக்கு" என்றார். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மதினிதான் ஆரம்பித்தாள்.

"கேட்டேளா? நீங்களும் தம்பியும் கோர்ட்டுல முறைச்சிட்டு நிக்கியோ. விழுற தேங்காய எல்லாம் ஒம்பது வருஷமா மேலத்தோப்புக்காரன் பொறக்கிட்டுப் போறான்."

அண்ணாச்சி கைபேசியை அணைத்தார். "அது வேற கேஸு" என்றார்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் சாயாக்கடைக்கு வந்து, ரசவடையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு முட்டாள்களின் கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னார். சகோதரனுக்குக் கிடைக்கக்கூடாது என்று அன்னியனுக்குத் தூக்கிக் கொடுக்கிற புத்தியைப் பற்றி அவ்வளவு தெளிவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. கம்பவுண்டர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஊசி" என்றார்.

தோப்புக் கேஸில் அடுத்த வாய்தா ஜூலை 17 என்று போட்டார்கள். டூர் டி பிரான்ஸில் அன்றைக்கு ஹோத்தகாம் மலை. வாய்தா காலையில், மலை ராத்திரியில், இரண்டும் இடிக்காது என்று வக்கீலுக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.