காபி ஆத்த ஒரு கையெழுத்து

வாப்பா, திண்ணையில உக்காரு. ஓ.டி. படிக்கப் போறியாமே? உங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. எனக்குத் தெரிஞ்சு ஓ.டி. ரெண்டுதான். மில்லுல ராத்திரி சேத்து வேலை பாத்தா அது ஒரு ஓ.டி. ஆசுபத்திரியில கதவுக்கு மேல செவப்பு வெளக்கு எரிஞ்சா அது இன்னொரு ஓ.டி. முதலாவதுல துட்டு வரும், ரெண்டாவதுல துட்டு போகும். நீ சொல்லுதது மூணாவது. மத்தவுக முழிப்பாக, நான் முழிக்க மாட்டேன். கண்ணால பாத்துட்டு வந்தவன். அதுவும் அமெரிக்காவுல.

சிரிக்காதலே. மகளைப் பாக்கப் போயி ஆறு மாசம் நியூஜெர்சியில குளிர்ல நடுங்கிட்டு வந்தவன்தான் நான்.

ஆக்குபேஷனல் தெரபி. தமிழ்ல தொழில்வழி சிகிச்சைன்னு போடுதாங்க. உடனே நம்மாளு, தறி நெய்யச் சொல்லிக் குடுக்கிற வைத்தியமான்னு கேப்பான். இல்லப்பா. பிசியோதெரபிக்காரர் காலை நடக்க வைப்பாரு. நடந்து போயி என்ன செய்யணும்? பல்லு வெளக்கணும், பொத்தான் மாட்டணும், சோத்தைப் பிசைஞ்சு வாயில வைக்கணும். அதை மறந்துபோன கைக்குத் திரும்பச் சொல்லிக் குடுக்கிறதுதான் இவுக வேலை. நல்ல வேலைதான். ஆனா அந்த வேலைக்குள்ள ஒரு நோயாளி போய்ச் சேர்றதுக்கு வாசல்ல எத்தனை காவக்காரன் நிக்கான்னு உனக்குத் தெரியுமா?

சம்பந்தியம்மாவுக்கு 72 வயசு. முப்பது வருசமா அங்கதான் குடியிருப்பு. 2024-ல நான் போயிருந்தப்போ ஒருநாள் விடியக்காலம் வலது கை இழுத்துருச்சு. பக்கவாதம். நாலு நாள் ஆசுபத்திரியில வச்சு அனுப்பிட்டாக. காலுக்கு ஒண்ணுமில்லை, நல்லா நடக்காக. பேச்சும் குழறலை, மருமகளைப் பேசுறதுல ஒரு வார்த்தை குறையலை. கை மட்டும் வாடுன வாழைத்தண்டாட்டம் தொங்குது.

அந்தம்மா காபி ஆத்துனா பாக்கணும். டம்ளருக்கும் டபராவுக்கும் ஒரு முழம் இழுப்பாக. ஒரு சொட்டு கீழ விழாது. அப்பேர்ப்பட்ட கை, டம்ளரைப் பிடிச்சா நழுவுது. மொத நாள் கீழ விழுந்து உருண்டுச்சு. அந்தம்மா குனிஞ்சு எடுக்கலை. ஜன்னலைப் பாத்து உக்காந்துட்டாக. அதுவரைக்கும் அவுக அழுது நான் பாத்ததில்லை.

சரி, வீட்டுக்கே ஆளை வரவச்சுச் சிகிச்சை குடுக்கலாம்னு மாப்பிள்ளை விசாரிச்சாரு. அங்க 65 வயசு தாண்டுனவுகளுக்கு அரசாங்கம் மெடிகேர்னு காப்பீடு குடுக்கு. அதுல வீட்டுக்கு ஆள் வரணும்னா ரெண்டு சங்கதி வேணும். ஒண்ணு, நோயாளி வீட்டை விட்டு வெளிய போக முடியாம முடங்கியிருக்கணும். ரெண்டு, நர்சோ, பிசியோதெரபியோ, பேச்சுப் பயிற்சியோ தேவைப்படணும். உன்னோட ஓ.டி. மட்டும்தான் தேவைன்னா கதவு திறக்காது.

எப்படின்னா, கல்யாண வீட்டுக்கு நீ தனியா போனா உள்ள விடமாட்டான். கூட்டாளியோட போகணும். பந்தியில கூட்டாளி சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாலும் நீ உக்காந்து பாயசம் வரைக்கும் சாப்பிடலாம், அதுல தடையில்லை. சத்தியமா இதுதான் சட்டம். மத்தவுக வேலை முடிஞ்சு போன பெறகும் ஓ.டி.க்காரர் மட்டும் தொடர்ந்து வரலாம். ஆனா தொடங்கி வைக்க முடியாது. 2022 ஜனவரியில கொஞ்சம் எளகுனாங்க. நர்ஸ் தேவைப்படாத கேசுல, பிசியோவோ பேச்சுப் பயிற்சியோ கூட எழுதியிருந்தா, மொத ஆளா வீட்டுக்கு வந்து சோதிக்கிறது ஓ.டி.க்காரராவும் இருக்கலாம்னாங்க. வாசப்படியை முந்தி மிதிக்கலாம், ஜோடி பேரு மட்டும் பட்டியல்ல இருக்கணும்.

இதுலயும் கூத்து கேளு. வீட்டுச் சிகிச்சைக்குச் சான்று குடுக்கிற அதிகாரம் ரொம்ப காலமா டாக்டர் கையில மட்டும்தான் இருந்துச்சு. 2020-ல கொரோனா வந்து டாக்டருக எல்லாம் திண்டாடுன பெறகுதான் நர்ஸ் பிராக்டிஷனரும் பிசிசியன் அசிஸ்டென்ட்டும் கையெழுத்துப் போடலாம்னு சட்டத்தை மாத்துனாங்க. பெரிய மனுசங்க சொல்லி நடக்காததை ஒரு கிருமி நடத்திக் காட்டுச்சு.

ஆக, சம்பந்தியம்மா கால் நல்லா இருந்தது குத்தமாப் போச்சு. நடக்க முடியுது, வாய் பேசுது, அப்ப நீயே கிளினிக்குக்கு வான்னுட்டாங்க.

கிளினிக்குல போனா, டாக்டர் சீட்டு எங்கன்னு கேட்டா அங்க இருந்த ஒரு பொண்ணு. சட்டத்துல சீட்டு கட்டாயமில்லை. ஆனா சிகிச்சைத் திட்டம்னு ஒரு காகிதம் எழுதணும், அதுல தகுதியானவர் கையெழுத்து வேணும். கையெழுத்து வராட்டா பணம் வராது. அதனால கிளினிக்குக்காரங்க முன்னெச்சரிக்கையா சீட்டைக் கேட்டு வாங்கிக்கிடுதாங்க. ஓலை வேண்டாம், ஓலையில முத்திரை மட்டும் வேணும்னானாம் ஒருத்தன். அந்தக் கதை.

யாரு தகுதியானவர்? இங்கதாம்ப்பா என் மாப்பிள்ளை மூஞ்சி போன போக்கை நீ பாத்திருக்கணும். அவரு பல் டாக்டர். காலேஜ் நாலு வருசம், அதுக்கு மேல பல் படிப்பு நாலு வருசம். ஊசி போடுவாரு, வாயைக் கிழிச்சுத் தைப்பாரு, மருந்து எழுதுவாரு. பெத்த அம்மா டம்ளரைப் போடுறதை எதுக்க நின்னு பாத்தவரு. பேனாவை எடுத்துட்டாரு. அந்தப் பொண்ணு தன்மையாத்தான் சொன்னா: "சார், மெடிகேர் கணக்குல பல் டாக்டர் இதுக்கு டாக்டர் இல்லை."

எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கிட்டேன், சம்பந்தி வீடு பாரு.

பெறகு அவரே வயித்தெரிச்சல்ல ஒரு ராத்திரி முழுக்க விதியைப் படிச்சு எனக்குச் சொன்னாரு. பொது டாக்டர் எழுதலாம், சரி. நர்ஸ் பிராக்டிஷனர் எழுதலாம். பிசிசியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டருக்கு உதவியாளர், அவரும் எழுதலாம். பாதத்தைப் பாக்கிற பொடயாட்ரிஸ்ட், அவரு மாநிலச் சட்டம் இடம் குடுத்தா எழுதலாம். கண்ணுக்குப் பவர் பாக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் எழுதலாம், ஆனா பார்வை மங்குனதுக்கு மட்டும். முதுகெலும்பைச் சொடக்கு எடுக்கிற கைரோபிராக்டர் எழுதக்கூடாது. பல் டாக்டர் எழுதவே கூடாது. "மாமா, பாதத்தைப் பாக்கிறவன் எழுதலாம், பல்லைப் பாக்கிறவன் எழுதக்கூடாதா?"ன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? "மாப்ளே, பல்லு வாய்க்குள்ள ஒளிஞ்சு கெடக்கு, பாதம் தரையில நிக்கு. தரையில நிக்கிறவனுக்குத்தான் உலகம் தெரியும்"னு சொன்னேன். அரைமணி நேரம் என்கூடப் பேசலை.

கடைசியில கையெழுத்து எங்கருந்து வந்துச்சு? குடும்ப டாக்டர் லீவுல போயிட்டாரு. அவரு ஆபீசுல ஒரு பிசிசியன் அசிஸ்டென்ட் பையன், என் பேரன் வயசு இருக்கும், சம்பந்தியம்மாவை அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போட்டுக் குடுத்தான். மாப்பிள்ளை அவனுக்குத் தேங்க்ஸ் சொன்ன குரல் இருக்கே, கடைவாய்ப் பல்லு பிடுங்குன மாதிரி இருந்துச்சு.

ஆனா தம்பி, உள்ள போன பெறகு நடந்தது வேற. அதைச் சொல்லாட்டா எனக்குப் பாவம்.

சிகிச்சை குடுக்க வந்த ஓ.டி. ஒரு சின்னப் பொண்ணு. மொதக் கேள்வி, "உங்களுக்கு எந்த வேலை செய்ய முடியாததுதான் ரொம்ப வருத்தம்?" மாப்பிள்ளை, "சாப்பிடுறது"ன்னாரு. என் மக, "டிரெஸ் மாத்துறது"ன்னா. அந்தப் பொண்ணு ரெண்டு பேரையும் பாக்கலை. சம்பந்தியம்மாவையே பாத்துக்கிட்டிருந்தா. அந்தம்மா மெல்ல, "காபி ஆத்தணும்"னாக. அதுக்கு இங்கிலீசுல என்ன சொல்லுதது? என் மக கையை மேலயும் கீழயும் ஆட்டிக் காமிச்சா. அந்தப் பொண்ணுக்குப் புரியலை. ஆனா மறுவாட்டி வரும்போது டம்ளர் டபராவைக் கொண்டுவரச் சொன்னா.

காபி இல்லை, மொதல்ல வெறும் டம்ளர். பிடிக்கிற இடத்துல தடிமனா ஸ்பான்ஞ்சு குழாய் ஒண்ணைச் சுத்துனா, வெரல் மூடாத கைக்கு அது பிடிமானம். கீழ ஒட்டுற ரப்பர் பாய், டபரா நகராம இருக்க. பெறகு டம்ளருக்குள்ள பயறு. பயறைக் கொட்டுனா சத்தம் வரும், சிந்துனா பொறுக்கலாம். பொறுக்குறதும் பயிற்சிதானாம்! அதுக்குப் பெறகு பச்சைத் தண்ணி. ஜாக்கெட்டுல கொக்கியைப் பிச்சுட்டு ஒட்டுற பட்டை வச்சுத் தைக்கச் சொன்னா. ஒரு வாட்டிகூட அந்தம்மா கையைத் தான் பிடிச்சுச் செஞ்சு குடுக்கலை. பாக்கிற எனக்குப் பொறுமை போச்சு. அவளுக்குப் போகலை.

எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் இழுத்துச்சு. பெரியம்மா அவரை முற்றத்துல உக்கார வச்சு நெலக்கடலை உரிக்க விட்டா. சீட்டு கேட்டது யாரு? பெரியம்மா கண்ணு பாத்துச்சு, கடலையைக் கொட்டுனா. ஊர்ல இதை நான் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா நெசத்தைச் சொல்லணும்ல? பெரியப்பா இடது கையாலயே அத்தனை கடலையும் உரிச்சாரு. வாதம் வந்த வலது கை மடங்குன மேனிக்கே நின்னு போச்சு. அந்தப் பொண்ணு இருந்திருந்தா நல்ல கையை மடியில வைக்கச் சொல்லியிருப்பா.

திட்டத்துல கையெழுத்துக் கதை அத்தோட முடியலை. 30 நாளுக்குள்ள திட்டத்துக்கு ஒப்பம் வாங்கணும். 90 நாளைக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். பேக்ஸ் அனுப்புதாங்கப்பா! ஆமா, பேக்ஸு. நம்ம கோவில்பட்டியில அந்த மெசினைக் காயலான் கடையில போட்டு எத்தனை வருசமாச்சு? கையை நீட்டச் சொல்லிக் குடுக்கிற பொண்ணு, பாதி நேரம் கையெழுத்துக்காகக் கை நீட்டிக்கிட்டு நிக்கா. 2025 ஜனவரி 1-லருந்து அதுல ஒரு முடிச்சை அவுத்துட்டாகளாம். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு முந்தியே இருந்து, திட்டத்தை 30 நாளுக்குள்ள அனுப்பியும் வச்சிருந்தா, மொதத் தடவை திட்டத்துல தனியா ஒப்பம் வேண்டாமாம்.

கையெழுத்தே வேண்டாம்னு நான் சொல்லலை. ரேசன் கடையில செத்தவன் பேர்ல சீனி வாங்குன ஊர்லருந்து வந்தவன் நான். அரசாங்கத் துட்டுன்னா கேள்வி கேக்கத்தான் செய்வான். கை இழுக்குதுன்னு சும்மா பயறு பொறுக்கிக்கிட்டே இருந்து, உள்ள மூளையில வேற கோளாறு இருந்தா? டாக்டர் ஒருக்காப் பாக்கணும். ஒத்துக்கிடுதேன். ஆனா பாத்தவன் யாரு, எழுதுனவன் யாரு? நெசமாப் பாத்தவன் பேனா செல்லாது, அஞ்சு நிமிசம் பாத்தவன் பேனா செல்லும்.

இந்த வைத்தியம் எங்க பொறந்துச்சுன்னு தெரியுமா? 1917 மார்ச்சுல, நியூயார்க் மாநிலத்துல கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊரு. ஜார்ஜ் பார்ட்டன்கிறவரு தன் வீட்டுல கூட்டுன கூட்டம். ஆறே பேரு. பார்ட்டன் கட்டடக் கலைஞர், தானே காசநோயும் பக்கவாதமும் பட்டு, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செஞ்சு தேறுன ஆளு. தாமஸ் கிட்னர், அவரும் கட்டடம் படிச்சவரு. எலினோர் கிளார்க் ஸ்லேகிள் சமூக சேவகி. சூசன் ஜான்சன் கைவேலை சொல்லிக் குடுத்த டீச்சர். பார்ட்டனோட செக்ரட்டரி இசபெல் நியூட்டன், பின்னால அவருக்கே வீட்டுக்காரி ஆயிட்டா. டாக்டர்னு சொல்ல ஒரே ஒருத்தர், வில்லியம் டன்டன். எண்ணிப் பாத்துக்கோ. கட்டடக்காரங்க ரெண்டு, டாக்டர் ஒண்ணு. இன்னைக்கு அந்த பார்ட்டனே எந்திரிச்சு வந்து ஒரு நோயாளியை அனுப்புனா, அந்தக் கிளினிக்குப் பொண்ணு "சார், நீங்க இதுக்கு டாக்டர் இல்லை"ம்பா.

நம்ம நாட்டை நெனைச்சு நெஞ்சை நிமித்தாத. இங்கயும் 2021-ல உன் படிப்புக்கெல்லாம் சேத்து ஒரு ஆணையச் சட்டம் வந்துருக்கு. அதுல ரெண்டு சாதி. குறைஞ்சது 3,600 மணி நேரம் பட்டம் படிச்சவர் யோசனை சொல்லலாம், சிகிச்சை குடுக்கலாம். 2,000 மணி நேரக்காரர், மத்தவர் சொன்ன திட்டத்துக்கு ஒத்தாசை செய்யணும். மணிக்கணக்கு வச்சு ஆளை நிறுக்கான். நீ அந்த 3,600-ல செல்போன் நோண்டுன நேரத்தைக் கழிச்சா எந்தப் பக்கம் விழுவேன்னு பாத்துக்கோ.

அதோட போச்சா? 2025 செப்டம்பர்ல பிசியோதெரபிக்காரங்க பேருக்கு முன்னால 'டாக்டர்' போடலாமா வேண்டாமான்னு ஒரு ரகளை. 9-ஆம் தேதி டெல்லியில சுகாதார இயக்குநரகம் போடாதேன்னு கடிதாசி விட்டுச்சு. மறுநாளே, இன்னும் ஆராயணும்னு அதைத் திரும்ப வாங்கிக்கிட்டுச்சு. பாலு திரியக்கூட அதைவிட நேரம் எடுக்கும். உன் வகையறா அடுத்து வருவீகன்னு எனக்குத் தெரியும். வீட்டு வாசல்ல பலகை மாட்டுறதுக்கு முந்தி, டம்ளருல ஸ்பான்ஞ்சு சுத்தப் படிச்சுக்கோ.

போன வாரம் சம்பந்தி வீட்டுலருந்து படத்தோட போன். சம்பந்தியம்மா டம்ளரைத் தூக்கிக் காமிச்சாக. ஸ்பான்ஞ்சு இல்லை, வெறும் எவர்சில்வர். ஆத்துனாக. ஒரு முழம் இல்லை, ஒரு சாண் இருக்கும். முக்காவாசி டபராவுல, கால்வாசி மேசையில. மாப்பிள்ளை ஓடிவந்து துணியால தொடச்சாரு.

"மாப்ளே, தொடைக்கிறதுக்குச் சீட்டு வாங்கியாச்சா?"ன்னு கேட்டேன்.

என் மக போனைப் பிடுங்கிட்டா.